நான் மேலே ஏற்றிய மண்

சாமி,

போன வாரம் செம்மேட்டு எஸ்டிடி பூத்தில் நின்று நான் பேசியபோது, "உன்னையக் காட்டிக் குடுத்துத்தான் எனக்கு ஒரு படிப்பு கெடைக்கோணும்னா, அந்தப் படிப்பே வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லைன் கட்டாயிருச்சுங்களா" என்று கேட்டார். "ஆமாங்க, கட்டாயிருச்சு" என்றேன். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். திரும்பவும் எண்ணைப் போட்டு உன்னோடு வாதாட வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி நாமக்கல்லுக்கு அனுப்பினால் படித்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாய், அடுத்த முறை மலைக்கு வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாய். உன் குணம் எனக்குத் தெரியும். எனவே நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இதை அனுப்பப் போகிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "ஊரே சிரிக்கும் புள்ள" என்றார். "சிரிக்கட்டுங்க. போன வருஷம் ஊரு நம்ம பையனப் பாத்துச் சிரிச்சப்ப நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மா எழுதும் கடிதம் என்றதும் படிக்கிறவர்கள் நரைத்த தலையையும் நடுங்கும் கையையும் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன், மகளிர் குழுவில் தீர்மானம் எழுதுவது நான்தான், உன்னைவிட வேகமாக மலை ஏறுவேன். இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, புரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகச் சாக்குச் சொல்லக் கூடாது. புரிந்துதான் செய்தேன்.

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி என்று ஒன்று இருப்பதே, நீ இரண்டாம் வருடம் முடிக்கும்போதுதான் எனக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி அப்பாவின் நண்பர்கள் வழியாகப் போய்ச் சேர்கிறது. உனக்குக் கல்லூரிப் பலகையில், கடைசித் தேதி நெருங்கிய பிறகு ஒட்டிய காகிதமாக வந்தது. நகரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலையில் மண் அரிப்பைப் பற்றி வேலை, இரண்டு மாதம். சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் யாரால் சாப்பிட முடியுமோ அவர்களுக்குத்தான் ஆராய்ச்சி என்று வாசலிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். உனக்கு அது முடிந்தது எதனால் என்றால், அவர்கள் ஆராய வந்த மலையில்தான் உன் ஊடு இருந்தது. பழைய சோறும் இருந்தது. வந்த மாணவர்களில் மலைக்காரன் நீ ஒருவன்தான். அளவு எடுக்கும் வேலையோடு, வழி காட்டுவது, நாய் விரட்டுவது, நாங்கள் பேசுவதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்வது எல்லாம் உன் தலையில் விழுந்தது. நீ குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பயிற்சியில் நன்றாகச் செய்கிற ஒருவரை அந்த ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார், உதவித்தொகை வரும், மேலே படிக்கலாம் என்று நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கு முன் அப்படி ஒரு முகம் உனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

நம் குச்சிக்கிழங்குக் காட்டின், அதாவது மரவள்ளிக் காட்டின், சரிவில் ஒரு பட்டை நிலத்தை அளந்து, மூன்று பக்கமும் தகரத்தை நட்டாய். கீழ்ப் பக்கத்தில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தாய். மழைக்கு அந்தப் பட்டையிலிருந்து அடித்துவரும் மண் முழுக்கக் குழியில் விழும், அதை வழித்துக் காயவைத்து எடை போட்டால் ஒரு மழைக்கு எவ்வளவு மண் போகிறது என்று தெரியும் என்றாய். பக்கத்தில் பெரியப்பாவின் காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலில், அதேபோல் இன்னொரு பட்டை. மலையின் மற்றப் பகுதிகளான பெரக்கரை நாட்டிலும் பைல் நாட்டிலும் வேறு பட்டைகள். சாயங்காலம் இடித்துக்கொண்டு கோடை மழை பெய்தால், மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் தூரத்துக் குழிகளுக்குப் போவாய். நம் குழிக்கு மதியத்துக்கு மேல்தான் வருவாய். ஊட்டுக் குழி எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கை.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சரிவுக் காட்டில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் இறங்கி வந்து கீழ் வரப்பில் நிற்கும். எங்கள் பக்கத்தில் மழை விட்டதும் பெண்கள் கூடையோடு போய் அதை வாரித் தலையில் தூக்கி, மேல் வரப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவோம். ஆண்கள் இதைச் செய்ய மாட்டார்கள். உழுவது அவர்கள், ஒழுங்குபடுத்துவது நாங்கள். கீழ் வரப்பில் மண் கிடந்தால், விடிந்த பிறகும் வாசல் கூட்டாத வீட்டைப் பார்ப்பது போல அந்தக் காட்டைப் பார்ப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மழைக்கு மண்ணை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்துக் காட்டிலிருந்து உன் பெரியம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம் புள்ள, உங்கூருல மண்ணுக்குக் காலு மொளச்சு அதுவே மேல நடந்து போயிக்குமா" என்று கேட்டாள். கூட இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து எந்த மழைக்கும் என் வரப்பில் மண் நின்றதில்லை.

நீ குழி வெட்டிய பிறகு பெய்த முதல் மழைக்கு மறுநாள், நான் யோசிக்காமல்தான் போனேன். குழியில் மண் கிடந்தது, கூடையில் வாரினேன், மேலே கொட்டினேன். கை பழகிய வேலை. மதியம் நீ வந்து குழியைப் பார்த்துவிட்டு, "ஒன்னுமே இல்லியேம்மா" என்றாய். அப்போதே சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சிரித்திருப்போம். "மழை பத்தலையாட்டங்குது சாமி" என்று சொன்னேன். நீ தலையைச் சொறிந்துகொண்டே, "இதுல யாரும் கை வெக்கக் கூடாதும்மா. பெரியம்மாகிட்டயும் சொல்லியிரு" என்றாய். எவ்வளவு பொறுமையாக எனக்கு விளக்கினாய். போகிற மண்ணைப் போகிறபடியே பார்த்தால்தான், எந்தப் பயிருக்கு எவ்வளவு போகிறது என்று சொல்ல முடியும், அப்போதுதான் என்ன செய்வது என்று யோசிக்க முடியும். நான் தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன்.

இரண்டாவது மழை பேய் மழை. கிழங்குக் குச்சி அப்போதுதான் துளிர்த்து நின்றது, தரையில் நிழலே கிடையாது. விடிந்ததும் நீ பஸ்ஸுக்குப் போன பிறகு போய்ப் பார்த்தால், குழி நிரம்பி வழிந்து நின்றது. நான் தொடவில்லை. சத்தியமாக முதலில் தொடவில்லை. பெரியம்மா தன் காட்டுக்குப் போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"எங்க குழியில வெறும் சருவுதான் கெடக்குது. உங்குது ரொம்பிப் போச்சாட்ட" என்றாள்.

"கிழங்குக் காடுன்னா அப்புடித்தானக்கா."

"எல்லாத்தையும் எடை போட்டு எழுதுவானாமே. இன்ன ஊட்டுக்காரி இத்தன மண்ண உட்டுட்டுப் படுத்துத் தூங்குனான்னு எழுதுவானா?"

"பேரெல்லாம் எழுத மாட்டாங்கக்கா."

"சனிக்கெழம ஜீப்புல வாராங்களாமே அந்த மேடம். வந்து பாக்கட்டும். போட்டோ புடிக்கட்டும். மலைக்காரிச்சி காடு வெச்சிருக்கற லட்சணத்த அவியளும் பாக்கோணுமல்லோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அவள் கேலிக்குச் சொன்னது. ஆனால் நான் அந்தக் குழியைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு அது ஆராய்ச்சியாகத் தெரியவில்லை. என் சோம்பேறித்தனத்தை ஊருக்கே எடுத்துக்காட்ட என் மகனே வெட்டி வைத்த குழியாகத் தெரிந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் குனிந்து பார்த்து, மூக்கைச் சுளித்து, நோட்டில் எழுதுவதைக் கண் முன்னால் பார்த்தேன். கூடையை எடுத்தேன். முழுக்க வாரினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அடியில் கொஞ்சம் விட்டேன். பொய்யிலும் பக்குவம் பார்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான். நீ முதல் பஸ்ஸுக்குப் போவாய், நான் குழிக்குப் போவேன்.

அந்தக் கோடை முழுவதும் நீ எடை போட்டதும் எழுதியதும் என் வெட்கத்தைத்தான், மண்ணை இல்லை.

இதில் நிவேதாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. சென்னைப் பெண், உன்னோடு பயிற்சிக்கு வந்தவள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதி வருவது அவள் வேலை. ஒருநாள் நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, "ஆன்ட்டி, பொதுவா ஒரு வீட்ல எத்தனை ஆடு இருக்கும்? விறகு பொறுக்க எவ்வளவு தூரம் போவீங்க?" என்று கேட்டாள். நான் சொன்னதை வைத்துக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து ஒரு கட்டுக் காகிதத்தை எழுதி முடித்துவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி, வெயில்ல அலையாம காப்பாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட பெண் இல்லை. யாரும் தன்னைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது பிறந்ததிலிருந்தே தெரிந்த பெண். நானும் வாயைத் திறக்கவில்லை. குழியில் கை வைத்தவள் அடுத்தவளை என்ன சொல்ல முடியும்.

கடைசி நாள் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். செம்மேட்டில் அந்தக் கூடம், மாணவர்கள் ஒவ்வொருவராகப் படம் ஒட்டிய அட்டையோடு எழுந்து பேசினார்கள், விவசாயிகள் வந்திருந்தார்கள், எங்கள் குழுப் பெண்களைக் கூட்டம் சேர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், கிழங்கு வாங்குகிற ஏவாரியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிவேதாவுக்குக் கை தட்டினார்கள். நீ எழுந்து நின்று, உன் அட்டையில் இருந்ததை வாசித்தாய். மர நிழலில் போகிற மண்ணைவிடக் கிழங்குக் காட்டில் போகிற மண் குறைவு. ஏவாரி சத்தமாகச் சொன்னார், "அப்புடிச் சொல்லுங்க தம்பி. குச்சியப் போட்டா மண்ணு போயிருமின்னு கெளப்பி உடறானுங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்படிப்பா வரும்? இது உங்க வீட்டு நிலம்தானே?"

"ஆமாங்க மேடம்."

"அப்பா அம்மா வருத்தப்படுவாங்கன்னு கொஞ்சம் குறைச்சுப் போட்டுட்டியா?"

கூடமே சிரித்தது. அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை, குழந்தையிடம் மிட்டாய் எடுத்தாயா என்று கேட்பது போலக் கேட்டார். அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. வெயிலில் அலையாமல் எழுதிய காகிதத்துக்குக் கை தட்டல், பொழுது விடிந்ததும் பஸ் பிடித்துப் போய் அளந்தவனுக்கு இந்தக் கேள்வி. மலைக்காரப் பையன் என்றால் கூட்டிக் குறைத்துத்தான் எழுதியிருப்பான் என்பதை அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் நம்பச் சிரமமாக இல்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் படுவதற்கு எனக்கு என்ன தகுதி. அவர்கள் கையில் அந்தக் காரணத்தைக் கொடுத்தவளே நான்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். கூட்டத்தில் நேராக என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியும். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நீ மேல் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர மண்ணில் வட்டமாகப் பதிந்திருந்த கூடைத் தடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்ததை நான் சமையலறைக்குள்ளிருந்து பார்த்தேன். நீ உள்ளே வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் களி வைத்தேன், நீ வேண்டாம் என்றாய். கூடத்தில் நீ என்னைப் பார்த்தபோது என் கையில் டீ டம்ளர் இருந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். டீயில் ஆடை கட்டியிருந்தது. நீ சொல்லி முடிக்கும்வரை அந்த ஆடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இந்தக் கணக்கச் சேத்துக்க வேண்டாங்க மேடம். அளவெடுத்ததுல தப்பு நடந்திருக்குது. தப்பு என்னோடதுங்க."

அவ்வளவுதான். நிவேதாவுக்கு அந்த இடம் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தாய். என் பக்கத்தில் இடம் காலியான பிறகும் உட்காரவில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது விடுதியில் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். வார்டன் உன்னைப் பிடித்து வெயிலில் முட்டி போட வைத்தார். உடைத்தது யார் என்று உனக்குத் தெரியும், நீ சொல்லவில்லை. நான் பார்க்க வந்தபோது முட்டியில் தோல் உரிந்திருந்தது. "நல்ல புள்ள, காட்டிக் குடுக்கல" என்று உன் தலையைத் தடவி, கடையில் பன் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த வார்டனிடம் போய், என் பையன் முட்டியை எந்த உரிமையில் இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். உன்னிடம், செய்தவனே வந்து சொல்லட்டும், நீ ஏன் சுமக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு அடி வாங்குகிறவனை நல்ல பிள்ளை என்று நாங்கள்தான் வளர்க்கிறோம். ஏவாரிக்கும் அதிகாரிக்கும் வார்டனுக்கும் நம்மிடம் மிகவும் பிடித்தது அந்தக் குணம்தான். மலைக்காரர்கள் சாதுவானவர்கள் என்று அவர்கள் பாராட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சாதுத்தனத்துக்குப் பன் வாங்கிக் கொடுத்தவள் நான். பிறகு அதே சாதுத்தனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவளும் நான்.

நீ கணக்கைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னது மேடத்தின் காதில் விழுந்தது, ஏவாரியின் காதில் விழவில்லை. "பையன் மொதல்ல சொன்னதுதான் நெசம். அந்தம்மா மெரட்டவும் பயந்துட்டான்" என்று நம் வாழவந்தி நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உன் பெரியப்பா அதைக் கேட்டுத்தான் காப்பித் தோட்டத்தில் பாதி சில்வர் ஓக்கை வெட்டி விற்றுவிட்டுக் கிழங்கு நட்டார் என்று முழுக்கச் சொல்ல மாட்டேன், அவருக்கு வேறு தேவைகளும் இருந்தன. ஆனால் தயங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பேச்சு ஒரு தள்ளு தள்ளிவிட்டது. இந்த வருடக் கோடை மழைக்கு அவர் காட்டிலிருந்து இறங்கிய மண் ஓடையை அடைத்துவிட்டது. கீழே தண்ணீர் எடுக்கும் ஊற்று சேறாகி, பெண்கள் இப்போது அடுத்த ஓடைக்கு நடக்கிறார்கள். பெரியம்மா காலையிலிருந்து மதியம்வரை கூடை தூக்குகிறாள். நேற்று வழியில் பார்த்தபோது, "உம் மவன் நல்லா அளந்தான் போ" என்றாள். சிரிக்கவில்லை. "அவன் நல்லாத்தான் அளந்தாங்கக்கா. நாந்தான் குழியில இருந்து வாரி மேல கொட்டுனேன்" என்று சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, "நாஞ் சொன்னதுக்காகவா புள்ள?" என்று கேட்டாள். "நீங்க சொன்னதுக்காவல்லீங்க, எனக்கே வெக்கமா இருந்துச்சுங்க" என்றேன். பிறகு இருவரும் சேர்ந்து இரண்டு நடை மண் சுமந்தோம்.

நீ பட்டப்படிப்பை முடித்துக் கோழித் தீவனக் கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சட்டையும் எனக்குச் சேலையும் எடுத்து வந்தாய். தீவன மூட்டையில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. கேவலமான வேலை இல்லை. ஆனால், "ஆராய்ச்சியெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா" என்று நீ சொன்னாய் பார், அந்தச் சேலையை என்னால் கட்ட முடியவில்லை. அந்த வாரமே நகரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்த நிறுவனத்தில் மேடத்தைப் பார்க்க மதியம்வரை உட்கார வைத்தார்கள். வழி நெடுகிலும் மனப்பாடம் செய்திருந்தேன், என் மகனுடைய வாழ்க்கையைக் கெடுத்தது நான், அவன்மேல் இருக்கிற களங்கத்தை எடுத்துவிடுங்கள் என்று. உள்ளே போய் உன் பெயரைச் சொன்னேன். "எந்தப் பையன்மா?" என்றார். ஊரைச் சொன்னேன். "ஒவ்வொரு சம்மருக்கும் நிறையப் பேர் வர்றாங்கம்மா" என்றார். உன்னை அவருக்கு நினைவில்லை. ஒரு வருடம் முழுக்க நாம் இரண்டு பேரும் எதைப் பேசாமல் சுமந்தோமோ, அது அவர் மேசையில் ஒரு தூசியாகக்கூட இல்லை. குழியையும் கூடையையும் பற்றிச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒவ்வொரு மழைக்கும் மண்ணைத் திரும்ப மேல கொண்டு போவீங்களா? எல்லாப் பெண்களுமா? இது பெரிய பாரம்பரிய அறிவும்மா. யாரும் இதைப் பதிவு பண்ணலை."

"அறிவு இல்லீங்க மேடம். முதுகு வலிங்க."

அவர் சிரித்தார். இந்த வருட மழைக்கே நிவேதாவை அனுப்பி இதை ஆராயச் சொல்லட்டுமா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உன் இடத்தை எடுத்தாயிற்று, இனி என் வெட்கமும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைப்பாகப் போய்ச் சேருமா. "அதுக்கு எம் மவன் வரட்டுங்க. அவன் வல்லீன்னா வேற யாரும் வர வேண்டாங்க. வந்தாலும் எங்க ஊர்ப் பொம்பளைங்க ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றேன். அப்படி என்னால் தடுக்க முடியுமா என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "சரி, அவரையே அப்ளை பண்ணச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன். ஆனா போன வருஷம் அந்தக் குழியில என்ன நடந்ததுன்னு அவர் கையால எழுதித் தரணும். மறைச்சதை வெச்சுக்கிட்டு மேல ஆராய்ச்சி பண்ண முடியாது" என்றார். அதில் நியாயம் இருந்தது. இந்த முறை தங்கவும் சாப்பிடவும் தருவீர்களா என்றும் கேட்டேன். தருவார்களாம். கேட்டால்தான் தருகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்.

இதைச் சொல்லத்தான் பூத்திலிருந்து கூப்பிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அடுத்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

நீ போவதாக இருந்தால் சிலவற்றைச் சொல்லி அனுப்ப ஆசைப்படுகிறேன். யார் ஊட்டுக்கும் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்கப் போகாதே, இருக்கிற சோற்றை உனக்குப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பார்கள். ஒருவர் சொல்லும் பதில் உனக்குப் பிடித்த மாதிரியே இருந்தால், மறுநாள் போய் வேறு விதமாகக் கேள். எங்களுக்கு வெட்கம் அதிகம், வந்தவர்களைத் திருப்திப்படுத்தி அனுப்பிவிடுவோம். நாங்கள் மண் சுமப்பதைப் பற்றி எழுதும்போது அதைப் போற்றி எழுதாதே. நாங்கள் ஒவ்வொரு மழைக்கும் வாரி மேலே கொட்டுவதால்தான் எவ்வளவு போகிறது என்பது யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது, ஆண்கள் இன்னும் சரிவில் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக உழுதுகொண்டே போகிறார்கள். எத்தனை பெண்களுக்கு இடுப்பு போயிருக்கிறது என்றும் கேட்டு எழுது. நிவேதாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பாதே. அவள் எழுதியதைக் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டவர்கள்மேல் கோபப்படு. உன்னைப் பாதியில் நிறுத்தி யாராவது சிரித்தால், தப்பு என்னுடையது என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. உண்மையிலேயே உன்னுடையதாக இருந்தால் ஒழிய.

காட்டிக் கொடுப்பது என்று சொன்னாய். ஒளிந்திருக்கிறவளைத்தானே காட்டிக் கொடுக்க முடியும். நான் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், மேடத்திடம் சொல்லிவிட்டேன், மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஏவாரி கடை முன்னால் அவர் காது கேட்கவும் சொன்னேன். "எதுக்குங்கக்கா பழசையெல்லாம் கிண்டறீங்க" என்றார். இதோ அச்சிலும் வந்துவிட்டது. உன் அம்மா செய்தது இனி மலை ஏறி வருகிற கண்டக்டருக்குக்கூடத் தெரியும். நீ காப்பாற்ற இங்கே எதுவும் மிச்சமில்லை. எனக்காக எழுதாமல் இருந்துவிடாதே. எனக்காக எழுதவும் எழுதாதே, நான் அனுப்பியதால் போனாய் என்று இருக்கக் கூடாது. உனக்கு அந்த வேலை வேண்டுமா என்று மட்டும் யோசி. வேண்டாம் என்றால் தீவனக் கம்பெனியிலேயே இரு, நான் அந்தச் சேலையைக் கட்டிக்கொள்கிறேன்.

போனால் ஒரு கேள்வி வரும். இவ்வளவும் தெரிந்திருந்தும் அன்றைக்குக் கூடத்தில் ஏன் சொல்லவில்லை என்று மேடம் கேட்பார். அதற்கு எதையாவது ஜோடித்துச் சொல்லிவிடாதே. எங்கம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்க மேடம், என்று சொல். அப்படிச் சொல்லும்போது நான் இங்கே வரப்பில் நின்றுகொண்டிருப்பேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.